நைட்ரோவுக்கு எல்லாமே டெட் டர்னர் காசுதானா?

நைட்ரோ95:
"டபிள்யூசிடபிள்யூ டர்னர் காசுல ஆடின ஆட்டம், வின்ஸ் மெக்மஹன் எப்பவும் பயந்ததே இல்ல"னு இங்க ஒருத்தர் எழுதியிருக்கார். படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. தெரியாதவங்களுக்கு: அமெரிக்க டிவி முதலாளி டெட் டர்னரோட மல்யுத்தக் கம்பெனி டபிள்யூசிடபிள்யூ, அதோட திங்கள்கிழமை ஷோ நைட்ரோ. எதிர்க் கம்பெனி வின்ஸோட டபிள்யூடபிள்யூஎஃப், அதோட திங்கள்கிழமை ஷோ ரா. 1996 ஜூன்ல இருந்து 1998 ஏப்ரல் வரைக்கும் ராவை நைட்ரோ தொடர்ந்து 83 வாரம் ரேட்டிங்ல அடிச்சிருக்கு. எண்பத்து மூணு!

ஸ்டோன்கோல்டு மாமா:
எழுதினது நான்தான், பேரைச் சொல்லியே திட்டலாம். 1996 மே கடைசியில நைட்ரோ ரெண்டு மணி நேர ஷோ ஆயிடுச்சு. ரா அப்போ ஒரு மணி நேரம்தான். ராவுக்கு முன்னாடியே கடையைத் திறந்து கூட்டத்தைச் சேர்த்து வச்சுக்கிட்டா, அதுக்குப் பேர் வெற்றியா?

நைட்ரோ95:
1997 பிப்ரவரியில ராவும் ரெண்டு மணி நேரமாச்சே! அப்புறமும் ஒரு வருஷத்துக்கு மேல அடி வாங்கினதுக்கு என்ன சாக்கு? 83.

டிரம்ப்கார்டு ராஜா:
எல்லாம் முன்னாடியே எழுதி வச்ச நாடகம். இதுக்குப் போய் சண்டையா?

ஸ்டோன்கோல்டு மாமா:
தம்பி, நாடகம்னு எங்களுக்கும் தெரியும். யார் நாடகத்துக்குக் கூட்டம் வந்துச்சுங்கறதுதான் பேச்சு. அப்புறம், நாய்க் கண்காட்சிக்காகவும் யு.எஸ். ஓபன் டென்னிஸுக்காகவும் ரா திங்கள்கிழமையையே விட்டுக்கொடுத்த வாரங்கள் உண்டு. அதையும் அண்ணன் பெருமையில சேர்த்துக்குவாரோ?

நைட்ரோ95:
நாயும் டென்னிஸும் வந்தது சில வாரம்தான். மீதி வாரமெல்லாம் வின்ஸ் கையை யார் பிடிச்சா? 1996 ஜூலை 7, டபிள்யூசிடபிள்யூவோட பாஷ் அட் தி பீச் நிகழ்ச்சி. ரசிகர்களோட நாயகன் ஹோகன் நடந்து வரார், அடி வாங்கிக் கிடந்த சாவேஜைக் காப்பாத்த வந்துட்டார்னு எல்லாரும் நினைக்கறாங்க. நேரா சாவேஜ் மேலயே லெக் டிராப், எகிறி விழுந்து காலால அடி! கப்பும் குப்பையும் ரிங்குக்குள்ள பறந்து வந்து விழுது, அதுக்கு நடுவுல நின்னு மைக்ல பேசறார். இதுவும் டர்னர் காசுல வந்ததா?

மான்கைண்ட் ரசிகன்:
1999 ஜனவரி 4-ஐ மட்டும் ஏன் தொட மாட்டேங்கறீங்க? ராவில மான்கைண்ட்ங்கற மிக் ஃபோலி பட்டம் ஜெயிக்கப் போறார்னு நைட்ரோவிலயே வர்ணனையாளர் டோனி ஷியவோனியைச் சொல்ல வச்சார் நைட்ரோவை நடத்தின எரிக் பிஷோஃப். நக்கலாச் சொன்னது, ஆனா ஜனம் அதைப் பார்க்கவே ராவுக்கு மாறிடுச்சு. அதே ராத்திரி நைட்ரோ நடந்த ஜார்ஜியா டோம் அரங்கத்துல, சாம்பியன் நாஷோட நெஞ்சை ஹோகன் ஒத்த விரலால தொட்டார், நாஷ் மல்லாந்தார், சண்டையே இல்லாம பட்டம் கைமாறுச்சு. ரசிகனை அவ்வளவு கேவலமா நினைச்ச கம்பெனி உருப்படுமா?

நைட்ரோ95:
அது 1999. நான் சொல்றது 83 வாரம். பேச்சை மாத்தாதீங்க. கம்பெனியை மூடினது ரசிகன் இல்ல. 2001-ல டர்னர் சேனல்ல மல்யுத்தமே வேண்டாம்னு அந்தச் சேனல்களோட தலைவர் ஜேமி கெல்னர் தூக்கினார், வின்ஸ் கம்பெனியைச் சுலபமா வாங்கிப் போட்டார்.

ஸ்டோன்கோல்டு மாமா:
டர்னர் சேனல் போனதும் கம்பெனியே போச்சு. அதைத்தானே முதல்லயே சொன்னேன்!

நைட்ரோ95:
பிரெட் ஹார்ட் விவாதத்துலயும் இப்படித்தான். டபிள்யூசிடபிள்யூவுக்கு வரவிருந்த சாம்பியன் பிரெட்கிட்ட இருந்து 1997-ல மான்ட்ரியல்ல அவருக்கே தெரியாம வின்ஸ் பட்டத்தைப் பறிச்ச துரோகத்துக்கு வக்காலத்து வாங்கினீங்க. எனக்கு மறக்கல.

ஸ்டோன்கோல்டு மாமா:
அதை ஏன் இங்க இழுக்கறீங்க? பிரெட் பட்டத்தோட உங்க கம்பெனிக்குப் போயிருந்தா வின்ஸ் என்ன செய்யணும், கும்பிட்டு வழியனுப்பணுமா? கம்பெனி மாறி வந்த வீராங்கனை மதுசா, வின்ஸ் கம்பெனியோட மகளிர் பட்டத்தை நைட்ரோவில குப்பைத் தொட்டியில போட்டதை அவர் பார்த்தவர்.

நைட்ரோ95:
பார்த்து பயந்தார்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க.

ஸ்டோன்கோல்டு மாமா:
நான் எங்கய்யா ஒத்துக்கிட்டேன்?

நைட்ரோ95:
83-க்கு இன்னும் பதில் வரல.