வீடு யார் பெயரில் இருக்கிறது? குறுந்தொடரில் கண்டதும் நம் வீட்டில் கண்டதும்

சிப்புட் மருமகள்

கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்துப் பார்க்கும் அந்தக் குறுந்தொடர்களை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எல்லாரும் மிதிக்கிற மருமகள் கடைசியில் பெரிய நிறுவனத்துக்கு முதலாளி என்று தெரியவரும் கதைகளைத்தான் சொல்கிறேன். ஞாயிறு மாலையில், மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில் மாமியார், மூத்த ஓரகத்தி, நான் மூவரும் அதைத்தான் பார்ப்போம்.

அன்று திரையில் ஒருத்தியின் கையில் சுடுதேநீரை ஊற்றினார்கள். ஓரகத்தி திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அத்தை, நீங்கள் பிரம்பு நாற்காலிக்கு மாறிக்கொள்ளுங்கள், தலை எண்ணெய் சோபாவில் பட்டுவிடும்" என்றார். தோட்டத்தில் முப்பது ஆண்டுக்கு மேல் ரப்பர் பால் வெட்டிய அந்த அம்மாள் ஒரு சொல்லும் பேசாமல் எழுந்து மாறினார். வீடு ஓரகத்தியின் கணவரான மூத்தவர் கட்டியது, மாமியார் அங்கே ஒண்டியிருக்கிறார் என்பதுதான் குடும்பம் முழுவதும் நம்பியிருந்த கதை.

அந்த வாரமே மாமியார், கிளினிக்குக்குப் போக அடையாள அட்டையை எடுத்து வரச் சொல்லி என்னை அறைக்குள் அனுப்பினார். பழைய பிஸ்கட் டின்னைத் திறந்தேன். அட்டைக்கு அடியில் வீட்டு நிலப்பட்டா இருந்தது; அதில் அவர் பெயர் மட்டுமே இருந்தது. அதனோடு ஆண்டுவாரியாகக் கட்டி வைத்த நிலவரி ரசீதுகள். ஒவ்வொரு மே மாதமும் நல்ல சேலை கட்டிக்கொண்டு, கோயிலுக்கு என்று சொல்லி, நில அலுவலகம் இருக்கும் கோலகங்சாருக்குத் தனியாகப் பேருந்து ஏறுவது எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது. எப்போது பின்னால் வந்து நின்றார் என்று தெரியவில்லை. என் கையின்மேல் தம் கையை வைத்து, என் விரல்களோடு சேர்த்து மூடியை அழுத்தி மூடினார். "அட்டை மேலேயே இருக்கிறது, பிள்ளை. கீழே ஒன்றுமில்லை" என்றார்.

மறு ஞாயிறும் பிரம்பு நாற்காலியில்தான் உட்கார்ந்தார். ஆனால் அன்றிலிருந்து முதல் கோப்பி எனக்குத்தான் வருகிறது. அந்தக் கோப்பி நம்பிக்கையா, வாயடைப்பா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

கிராணி வீட்டுப் பிள்ளை

மறைந்த செல்வம் என்று எல்லாரும் எழுதுகிறீர்கள். நான் கண்டது மறைந்த கடன். எங்கள் சித்தப்பா எந்தத் திருமணத்துக்குப் போனாலும் மொய்ப்பணத்தில் மற்றவர்களைத் தாண்டித்தான் எழுதுவார், அதனாலேயே பந்தியில் அவருக்கு முதல் இலை விழும். அவருடைய கருமாதி முடிந்த அன்று இரவு, பங்கு பேசுவதற்காக ஐந்து வீட்டார் கூடத்தில் காத்திருக்க, சித்தி அவருடைய தோல்பையைப் பாயில் கவிழ்த்தார். கொட்டியவை எல்லாம் அடகுச் சீட்டுகள். ஆறு மாதத் தவணை கடந்தவைதான் பாதிக்கு மேல். தாலிக்கொடியைத் தவிர சித்தியின் கழுத்தில் கிடந்தவை எல்லாம் அந்தச் சீட்டுகளில் எழுதப்பட்டிருந்தன. பங்கு பேச வந்தவர்களில் ஒருவர் தம் செருப்பைத் தேடத் தொடங்கிய அந்த ஓசைதான் எனக்கு இன்னும் கேட்கிறது.

ஆகவே மருமகள் அவர்களே, ஒரு தாளைக் கண்டவுடன் உங்கள் மாமியாரைச் சீமாட்டி ஆக்கிவிட வேண்டாம். பட்டாவின்மேல் வங்கிக் கடன் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்தீர்களா?

ஓய்வுபெற்ற வாசகர்

என் அனுபவம் சிறியது. 1960இல் நம் ஊர்க்காரரும் அமைச்சருமான துன் சம்பந்தன், பெரிய தோட்டங்களைத் துண்டுதுண்டாக விற்றதால் தொழிலாளர்கள் நடுத்தெருவுக்கு வந்துவிடாதிருக்கத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, என் தந்தையார் மாதம் பத்து வெள்ளி (மலாயா டாலர்) கட்டிப் பங்கு எடுத்திருக்கிறார். அவர் இறந்து பல ஆண்டுகள் கழிந்து, சாமிப் படத்தின் பின்புறத்தில் ஒட்டியிருந்த உறையில்தான் அந்தப் பங்குப் பத்திரம் கிடைத்தது. அம்மாவுக்கே தெரியாது.

இதைப் படிக்கும் அனைவரும் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். முதலாவதாக, உங்கள் பெற்றோர் ஊழியர் சேமநிதியில் யாரை நியமித்திருக்கிறார்கள் என்பதை அவர்கள் உயிரோடிருக்கும்போதே கேளுங்கள். முஸ்லிம் அல்லாதவர்களைப் பொறுத்தவரை நியமிக்கப்பட்டவருக்கே அந்தப் பணம் உரியது, அதை எடுத்து மற்றவர்களுக்குப் பங்கிட வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. அடுத்து, முஸ்லிம் அல்லாத ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் 1958ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டப்படி, அவருடைய பெற்றோர் உயிரோடு இல்லாத நிலையில், துணைக்கு மூன்றில் ஒரு பங்கும் பிள்ளைகளுக்கு மீதி இரண்டு பங்கும் சேரும். மகனுக்கும் மகளுக்கும் அதில் வேறுபாடு கிடையாது. மூத்தவருக்குத் தனிச் சலுகையும் கிடையாது. வங்கிகளில் உரிமை கோரப்படாமல் கிடக்கும் பணம் தலைமைக் கணக்காளர் அலுவலகத்திடம், அதாவது அரசாங்கத்தின் கணக்குத் துறையிடம் போய்ச் சேரும். வாரிசுகள் அதை இணையத்திலேயே தேடிப் பார்க்கலாம். மருமகள் தம் கணவரிடம் உடனே உண்மையைச் சொல்லி, மாமியாரை வழக்கறிஞரிடம் அழைத்துச் சென்று உயில் எழுதச் செய்வதுதான் முறை.

செம்பனைக்காரன்

ஐயா, அவர் சட்டமா கேட்டார்? கோப்பியைப் பற்றி அல்லவா கேட்டார்! கணவரிடம் சொன்னால் மறுநாளே மூத்தவர் காதுக்குப் போகும். அதற்குப் பிறகு அந்த அம்மாளைத் தினமும் சோபாவில் தாங்கி உட்காரவைப்பார்கள். எதற்காகத் தாங்குகிறார்கள் என்பது அவருக்கும் தெரியும். வேண்டாம் என்றுதானே மூடியை அழுத்தியிருக்கிறார்.

நானும் இந்தத் தொடர்களைப் பார்ப்பவன்தான். சீனத்தில் தொடங்கியவை, ஒரு பகுதி ஒன்றிரண்டு நிமிடம், முழுக்கதையும் அறுபது முதல் நூறு பகுதிக்குள் முடிந்துவிடும், பெரும்பாலும் பத்துப் பகுதி அளவுக்கு இலவசம். கன்னத்தில் அறை விழும், அடுத்த பகுதிக்குக் காசு கேட்கும். அறை வாங்கியவர் யாரென்று எல்லார் முன்னிலும் வெளிப்பட்டால்தான் காசு கொடுத்தவருக்கு மனம் ஆறும். அந்தச் செல்வம் எப்போதும் நிறுவனமாகவும் கறுப்புக் கார்களாகவும்தான் வருகிறது. நிலவரி கட்டுகிற கதாநாயகியை நான் இதுவரை பார்த்ததில்லை.

என் கதைக்கு வருகிறேன். என் அண்ணன் பல ஆண்டுகள் என் பழைய மோட்டார் சைக்கிளைத்தான் கடன் வாங்கி ஓட்டினார். பள்ளி திறக்கும் ஜனவரி தோறும் அவருடைய பிள்ளைகளுக்கு நான்தான் சீருடை வாங்கிக் கொடுத்தேன். என் மனைவி முகம் சுளிப்பார். "அவருக்கு யார் இருக்கிறார்கள்" என்று அவரை அடக்குவேன். ஒருநாள் லோரி ஓட்டுநர் ஒருவர், வாசலில் நின்ற மோட்டார் சைக்கிளின் எண்ணைப் பார்த்து, வீடு இதுதான் என்று நினைத்துச் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை விற்ற நிறுவைச் சீட்டுகளை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு மாதத்துச் சீட்டுகள். அண்ணன் பெயர், எடை, தொகை எல்லாம் இருந்தன. அவற்றை அவர் வீட்டுக்குக் கொண்டுபோனபோது அண்ணி வாங்கி, எண்ணிப் பார்த்து, "ஒன்று குறைகிறதே, தம்பி" என்றார்.

சீட்டு குறைந்தது உண்மைதான். வழியில் எங்கோ பறந்திருக்க வேண்டும். அதற்கு நான் மன்னிப்புக் கேட்டேன் என்பதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

சிப்புட் மருமகள்

கிராணி வீட்டுப் பிள்ளைக்கு: கடன் பதிவு எதுவும் இருக்கிறதா என்று பார்க்க நேரமில்லை, மூடி மூடிவிட்டது. ஓய்வுபெற்ற ஐயாவுக்கு நன்றி. ஆனால் கணவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

இன்று காலை அத்தை நல்ல சேலையில் வந்து நின்று, பேருந்துக்குச் சில்லறை இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார். ஓரகத்தி அடுப்படியிலிருந்து, "எங்கே, கோயிலுக்கா?" என்றார். அத்தை வாய் திறப்பதற்குள், "ஆமாம் அக்கா, கோயிலுக்குத்தான்" என்று நான் சொல்லிவிட்டேன்.