பொருளியல் மன்றத்தில் மாணவர்கள் விரும்பிச் செய்யக்கூடிய செயற்பாடுகள் எவை?

கிளிநொச்சி ஆசிரியை:
வணக்கம். உயர்தர வகுப்புகளுக்குப் பொருளியல் கற்பிக்கிறேன். தரம் 12, 13 மாணவர்கள் இருபது பேருடன் இவ்வாண்டு ஒரு மன்றம் தொடங்கியுள்ளோம். வெள்ளிக்கிழமைகளில் பாடசாலை விட்டபின் ஒரு மணித்தியாலம் கிடைக்கிறது. முதலிரு கூட்டங்களிலும் வினாடி வினாவும் பேச்சும் நடத்தினேன். நன்றாகப் படிக்கும் நால்வர் மட்டுமே வாய் திறந்தார்கள். மற்றவர்கள் பஸ் போய்விடுமோ என்ற கவலையிலேயே இருந்தார்கள். வயலிலும் கடையிலும் பெற்றோருக்குத் துணையாக நிற்கும் அந்தப் பிள்ளைகளுக்கு நெல் விலையின் ஏற்ற இறக்கம் என்னைவிட நன்றாகத் தெரியும். அதிகம் செலவில்லாத, எல்லோரும் எழுந்து பங்கெடுக்கக்கூடிய செயற்பாடுகளைத் தயவுசெய்து கூறுங்கள்.

வவுனியா, ஓய்வுபெற்ற ஆசிரியர்:
நெற்சந்தை விளையாட்டுடன் தொடங்குங்கள். விற்பவர் எட்டுப் பேர், வாங்குபவர் எட்டுப் பேர். விற்பவரின் அட்டைகளில் ஒரு கிலோவுக்கு அவர் ஏற்கக்கூடிய மிகக் குறைந்த விலையை 70, 80, 90 என்று 140 ரூபாய் வரை எழுதுங்கள். வாங்குபவரின் அட்டைகளில் அவர் கொடுக்கக்கூடிய மிகக் கூடிய விலையை 140இலிருந்து 70 வரை இறக்குங்கள். ஒருவர் அட்டையை மற்றவர் பார்க்கக் கூடாது. ஆளுக்கு ஒரு மூடை மட்டுமே. பேரம் முடிந்தவுடன் விலையை உரக்கச் சொல்லிக் கரும்பலகையில் எழுத வேண்டும். மூன்று நான்கு சுற்றுகளில் விலை 100க்கும் 110க்கும் இடையில் வந்து நிற்பதையும், நான்கு மூடைகள் கைமாறுவதையும் காண்பீர்கள். கேள்வி (வாங்க விரும்பும் அளவு), நிரம்பல் (விற்க விரும்பும் அளவு) வளையிகளை அதன் பிறகு வரையுங்கள், முன்னர் வேண்டாம்.

அடுத்த வாரம் 125 ரூபாய்க்குக் குறைத்து விற்கக் கூடாது என்று விதியுங்கள். ஆறு பேர் விற்க முன்வருவர், வாங்க இருவரே இருப்பர். எஞ்சிய நான்கு மூடைகளை யார் வாங்குவது, எங்கே களஞ்சியப்படுத்துவது என்ற கேள்வி அவர்களிடமிருந்தே எழும். நெல்லுக்கு அரசு அறிவிக்கும் உத்தரவாத விலையையும், அவ்விலையில் நெல்லை வாங்கும் அரச அமைப்பான நெற் சந்தைப்படுத்தும் சபையையும் அவ்விடத்தில் விளக்கலாம். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பொருளியலாளர் எட்வர்ட் சேம்பர்லின் தம் மாணவர்களைக் கொண்டு இத்தகைய பரிசோதனையை நடத்தி 1948இல் எழுதினார். அதில் பங்கெடுத்த வேர்னன் சிமித் அதைத் திருத்தி வளர்த்து, 2002இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவரானார். இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

முல்லைத்தீவு, பல்கலைக்கழக மாணவி:
ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். எங்கள் அம்மாமார் பிடிக்கும் ஏலச் சீட்டை ஒரு முறை நடத்திப் பாருங்கள். பத்துப் பேர் ஆளுக்கு 1,000 ரூபாய் மதிப்புள்ள புளியங்கொட்டை போட்டால் 10,000 சேரும். அதில் கூடுதலாக விட்டுக்கொடுத்துக் கேட்பவருக்கே சீட்டு. ஒருவர் 2,000 விட்டு 8,000 பெற்றால், விட்ட தொகை பத்துப் பேருக்கும் 200 வீதம் பிரியும். விதைப்புக்கு உரம் வாங்க இன்றே பணம் வேண்டியவர், அவசரமில்லாதவர் என்று வெவ்வேறு நிலைமைகளை அட்டையில் எழுதிக் கொடுத்தால், வட்டி எங்கிருந்து பிறக்கிறது என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். ஆனால் யார் வீட்டில் எவ்வளவு கடன் என்று பேச்சு திரும்ப விடாதீர்கள். எங்கள் வகுப்பில் அவ்வாறு கேட்கப்பட்டபோது ஒரு தோழி அழுதுவிட்டாள்.

மாங்குளம் விவசாயி:
குளத்து நீரைக் கண்டு சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று நாங்கள் கூட்டத்தில் முடிவெடுப்பதையும் பிள்ளைகள் நடித்துப் பார்க்கட்டும். வாய்க்காலின் தலைப்பில் சிலரையும் கடைவாலில் சிலரையும் நிறுத்தி, முதலில் விதி எதுவுமின்றி நீரைப் பகிரச் செய்யுங்கள். பின்னர் அவர்களே விதி வகுக்கட்டும். நேபாளத்து நீர்ப்பாசனத்தையும் ஆராய்ந்த எலினோர் ஒஸ்ட்ரம் அம்மையார் 2009இல் நோபல் பரிசு பெற்றது இவ்வாறான பொதுவளப் பகிர்வு பற்றிய ஆய்வுகளுக்காகவே.

கிளிநொச்சி ஆசிரியை:
மூவருக்கும் நன்றி. வரும் வெள்ளிக்கிழமை நெற்சந்தை நடைபெறும். எஞ்சும் நால்வரில் இருவர் பேரங்களைக் கரும்பலகையில் எழுதுவர், இருவர் விதிமீறல்களைக் கவனிப்பர். இதுவரை பேசாதிருந்த பிள்ளைகளுக்கே விற்பவரின் அட்டைகளைக் கொடுக்கப் போகிறேன்.