சோல் ஒட்டும் பசைக்கு ஒரு பெயர் வேண்டும், வெள்ளிக்குள்

காரைக்குடியிலிருந்து:

வணக்கம். வகுப்புக்கான துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பொருள்: தேய்ந்த செருப்பு, ஷூ சோலை வீட்டிலேயே ஒட்டுவது. பசையின் பெயர் மட்டும் பாக்கி. பாடநூலில் கான்டாக்ட் அட்ஹெசிவ், செருப்புத் தைப்பவரிடம் சொல்யூஷன், ஹார்டுவேர் கடையில் எஸ்.ஆர். வெறும் 'பசை' என்று போட்டால் ஒரு பக்கம் தடவி ஈரத்தோடு அமுக்கிவிடுவார்கள், மறுநாள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். இரண்டு பரப்பையும் 80 எண் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, தூசி துடைத்து, இரண்டிலும் மெல்லிசாகத் தடவி, 10 முதல் 15 நிமிடம் காயவிட்டு, விரலின் பின்புறத்தில் ஒட்டாத பதம் வந்ததும் சேர்க்க வேண்டும். பெயரைப் படித்தாலே இது பாதி புரிய வேண்டும்.

தேவகோட்டையிலிருந்து:

தொடுபசை. வினைத்தொகை, எனவே வல்லினம் மிகாது. யாரும் 'தொடுப்பசை' என்று திருத்த வேண்டாம். பெரும்பாணாற்றுப்படையில் இடையன் காலில் கிடப்பது தொடுதோல், அதாவது செருப்பு. தொடுதோலுக்குத் தொடுபசை, இதைவிடப் பொருத்தம் ஏது?

புதுவயலிலிருந்து:

அண்ணே, அந்தத் தொடு அணிதல். செருப்புத் தொட்டான் என்றால் போட்டுக்கொண்டான். உங்கள் தொடு, தொடுகை. இரண்டையும் ஒரே காலில் மாட்டாதீர்கள். தொடுபசை என்றால் தொட்டதும் ஒட்டும் என்றுதான் படிப்பவர் நினைப்பார். அது ஃபெவிக்விக் மாதிரி சயனோஅக்ரிலேட்டின் குணம். அது கண்ணாடிபோல் இறுகும், நடக்கையில் சோல் மடிகிற இடத்தில் விண்டுபோகும். இரண்டு குழாய் கலக்கும் எபாக்சிக்கும் அதே கதி. சோலுக்கு வேண்டியது வளைந்துகொடுக்கும் நியோப்ரீன் ரப்பர் பசை. பெயர் தப்பினால் ஆள் தப்பான டியூபை வாங்கிவருவார்.

பள்ளத்தூர் ஆச்சி:

உலர்பசை?

தேவகோட்டையிலிருந்து:

ஆச்சி, வினைத்தொகை முக்காலமும் காட்டும். உலர்ந்த பசையா, உலர்கின்ற பசையா, உலரும் பசையா? முதல் பொருளில் எடுப்பவர் டின்னில் கட்டிதட்டிப் போனதைத் தூக்கிப் போடுவார். அதோடு பசை என்பதே ஈரம். பசுமை, பச்சை, பசை எல்லாம் ஒரு வேர். ஈரம் இருக்கும் இடத்தில் வளம் இருக்கும், அதனால்தான் 'பசையுள்ள ஆள்' என்கிறோம். உலர்பசை என்பது வறண்ட ஈரம்.

பள்ளத்தூர் ஆச்சி:

நம் வட்டாரத்தில் பசையுள்ள வீடுகள் எல்லாம் பூட்டிக் கிடக்கின்றன, அதுவும் உலர்பசைதான். சரி, தச்சர்கள் காய்ச்சி ஊற்றிய வச்சிரம் என்ற சொல் இருக்கிறதே? நிலைக்கதவு வேலைக்காரரைக் கேட்டால் தெரியும்.

புதுவயலிலிருந்து:

அது விலங்குத் தோலைக் காய்ச்சி எடுப்பது, தண்ணீர் பட்டால் இளகும். செருப்புக்கு ஆகாது. அச்சகத்தில் வஞ்சிரம் என்று கோத்துவிட்டால் மீன்கடைக்குப் போவார்கள்.

தேவகோட்டையிலிருந்து:

வச்சிரம் வடசொல் என்பதையும் பதிவு செய்கிறேன்.

புதுவயலிலிருந்து:

பதிவு செய்யுங்கள். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் என்று காரைக்குடிப் பேருந்தில் டிக்கெட் கேட்டுப் பாருங்கள், நடத்துநர் ஆங்கிலச் சுருக்கத்தில் 'சிக்ரியா?' என்பார். சொல்யூஷன் என்றே போடலாம். சைக்கிள் கடையிலும் புழங்கும் சொல்.

காரைக்குடியிலிருந்து:

அதில்தான் சிக்கல். பஞ்சர் சொல்யூஷன் டியூபை வாங்கி முழு சோலையும் ஒட்டுவார்கள். அது மெல்லிய டியூப் ரப்பருக்கானது. தன்னொட்டுப் பசை எப்படி? இந்தப் பசை காய்ந்தபின் தன் படலத்தோடுதான் பற்றும், இரண்டு பக்கமும் தடவச் சொல்வதன் காரணமே அது.

கோட்டையூரிலிருந்து:

வேதியியல்படி தன்னொட்டுதான் சரி. ஆனால் முதுகுத்தாளை உரித்து ஒட்டும் ஸ்டிக்கருக்கு அதைத்தான் சொல்வார்கள். நடுவில் ஒன்று: எந்தப் பெயர் வைத்தாலும் இவற்றைத் துண்டறிக்கையில் சேருங்கள். பிவிசி சோலில் நியோப்ரீன் நிற்காது. பிவிசியை மெதுவாக்கச் சேர்த்த எண்ணெய் பசைக்குள் இறங்கி அதைக் கொழகொழப்பாக்கும். அதற்குப் பாலியூரிதேன் பசை. தோலும் கான்வாசும் முதல் பூச்சைக் குடித்துவிடும், காய்ந்தபின் இரண்டாவது பூச்சு வேண்டும். சேர்த்ததும் நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுத்தியலால் தட்டுங்கள், ஓரத்தில் தொடங்கினால் காற்று உள்ளே மாட்டும். ஒட்டைத் தீர்மானிப்பது அழுத்தத்தின் பலம், அமுக்கிவைத்திருக்கும் நேரம் அல்ல. 24 மணி நேரம் காலில் போடக் கூடாது. ஐப்பசி மழையில் கரைப்பான் ஆவியாகும் குளிர்ச்சியில் படலத்தின்மேல் ஈரம் படியும், வெள்ளை பூத்தாற்போல் தெரிந்தால் ஒட்டாது. சித்திரை வெயிலில் வைத்தால் மேலே தோல்கட்டி உள்ளே ஈரமாக நிற்கும். முற்றத்தை ஒட்டிய தாழ்வார நிழல் சரியான இடம்: காற்றும் இருக்கும், கரைப்பானான டொலுயீனின் நெடியும் தங்காது. அடுப்படியில் வேண்டவே வேண்டாம், ஆவி தீப்பிடிக்கும். பரணில் பல வருஷம் கிடந்த ஷூவின் பாலியூரிதேன் சோல் விரலில் பிட்டுப்போல் உதிர்ந்தால் அதை எந்தப் பசையும் காப்பாற்றாது.

பள்ளத்தூர் ஆச்சி:

இருமுகப் பசை. இரண்டு முகத்திலும் தடவு என்று பெயரே சொல்லும்.

புதுவயலிலிருந்து:

சம்மதம். சொல்யூஷன் என்று பக்கத்தில் ஒருமுறை எழுதினால் போதும்.

கோட்டையூரிலிருந்து:

சரி. எனக்குத் தூக்கம் வருகிறது.

காரைக்குடியிலிருந்து:

மூன்று பேர் சம்மதித்தாயிற்று, இருமுகப் பசை என்றே அச்சுக்குக் கொடுக்கிறேன். 'காயவிட்டுச் சேர்க்கவும்' என்பதைத் தடித்த எழுத்தில் போடுகிறேன், அது பெயரில் வரவில்லையே.

தேவகோட்டையிலிருந்து:

இருமுகப் பசை என்றால் இரண்டு பக்கமும் ஒட்டும் டேப் என்றுதான் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார். தொடுபசையை நான் விடவில்லை. அடுத்த பதிப்பு எப்போது?