ஃபெய்ஜோவாடா: சமைத்தவர்கள், சாப்பிட்டவர்கள் வந்து எழுதுங்கள்

போர்ட்டோவாசி
பீன்ஸும் பன்றிக்கறியும் ஒரே சட்டியில் வேகும் ஃபெய்ஜோவாடாவை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. நான் சொல்வது போர்ச்சுகலின் வடகிழக்கு மலைப்பக்கத்து வகை: சிவப்பு பீன்ஸ், பன்றிக் காது, கால், புகையில் தொங்கிய ஷோரிசு சாசேஜ். நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரப் பாட்டிக்கு வின்யாய்ஷ் பக்கம் சொந்த ஊர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் குடும்பம் மேசையில் உட்கார்ந்தாயிற்று, சோறும் வந்தாயிற்று. பாட்டி மூடியைத் திறந்து குனிந்து மோந்தார். ஒரு பீன்ஸை எடுத்து விரலிடுக்கில் நசுக்கினார். "இன்றைக்கு இல்லை, நாளைக்கு" என்று மூடிவிட்டார். பேரப்பிள்ளைகளுக்கு முட்டை பொரித்துக் கொடுத்தார், யாரும் வாய் திறக்கவில்லை. மறுநாள் சாப்பிட்டபோது அதன் ருசியே வேறு. பக்கத்தில் நின்ற எனக்கு எல்லாம் வெந்ததாகவே பட்டது. அவர் எதைப் பார்த்து நிறுத்தினார்? இன்னும் மண்டையைக் குடைகிறது.

பனிக்காட்டான்
அதே மலைப்பக்கத்து ப்ரகான்சாவில் படித்தபோது ஜனவரியில் நண்பன் வீட்டுக்குப் போனேன். அது பன்றி அடிக்கும் காலம். அடுப்புக்கு மேலே கழி கழியாக ஷோரிசு, ரத்தத்தில் செய்யும் மொர்செலா, எல்லாம் ஓக், செஸ்நட் விறகுப் புகையில் தொங்கும். கீழே சட்டி கொதிக்க, மேலிருந்து கொழுப்பு சொட்டித் தணலில் சுர்ரென்று விழுந்தது. நண்பனின் அம்மா எட்டி ஒரு ஷோரிசுவை அறுத்து நேரே சட்டியில் போட்டார். அந்த வாசனைக்குப் பிறகு பாக்கெட் பிரித்துப் போடுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. கார்னிவல் சமயத்தில் உலர்த்திய பீன்ஸ் நெற்றுகளை எலும்பு அடைத்த சாசேஜோடு வேகவைப்பார்கள், போர்ட்டோவாசி அண்ணா அதைத் தவறவிடாதீர்கள்.

ரியோ மணி
எல்லாரும் போர்ச்சுகல் என்கிறீர்கள். ரியோவில் சனிக்கிழமை மதியம் கருப்பு பீன்ஸ், வறுத்த மரவள்ளி மாவு, கீரை, ஆரஞ்சுத் துண்டோடு சாப்பிட்டேன். கறியின் கொழுப்பு நாக்கில் படிந்திருக்கும்போது அந்த ஆரஞ்சைக் கடித்த நொடி இன்னும் நினைவில் இருக்கிறது. எஜமானர்கள் தூக்கிப் போட்ட காதையும் காலையும் அடிமைகள் சமைத்ததில் பிறந்த உணவு என்று அங்கே சொன்னார்கள். முதலில் அந்த மக்களுக்குத்தான் மரியாதை சேர வேண்டும்.

பனிக்காட்டான்
மணி தம்பி, மரியாதை சேர வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தே இல்லை. பிரேசிலின் வயலிலும் அடுப்படியிலும் உழைத்தவர்கள் அவர்கள். ஆனால் காதும் காலும் போர்ச்சுகலில் தூக்கிப் போடும் துண்டுகளே அல்ல. உப்பில் போட்டு மாதக்கணக்கில் பத்திரப்படுத்துவார்கள். பயறும் கறியும் ஒரே சட்டியில் வேகவைப்பது ஐரோப்பாவில் பழைய வழக்கம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து போனது பீன்ஸ்தான், சிவப்பு, வெள்ளை, கருப்பு மூன்றும். எனவே ஒரே ஊருக்கு எழுதி வைக்க முடியாது.

லிஸ்பன் கிச்சன்
நான் லிஸ்பனில் ஓர் உணவகச் சமையலறையில் வேலை பார்த்தேன். பக்கத்தில் நின்றவர் ஃபரின்யெய்ரா என்ற சாசேஜை நேரே சட்டியில் போட, அது வெடித்து மாவெல்லாம் குழம்பில் கரைந்தது. தலைமைச் சமையல்காரர் ஒரு வார்த்தை பேசாமல் முப்பது பேருக்கான சட்டியைக் கீழே இறக்கினார்.

செய்யப்போகிறவர்கள் கவனியுங்கள். ஃபரின்யெய்ரா மாவும் கொழுப்பும் அடைத்தது. குச்சியால் அங்கங்கே குத்தித் தனிப் பாத்திரத்தில் மெல்லிய சூட்டில் வேகவைத்து, பரிமாறும்போது வெட்டி மேலே வையுங்கள். உப்புக்கறியை முந்தைய இரவே ஊறப்போட்டுத் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள். கறியிலும் சாசேஜிலும் உப்பு இருக்கிறது, கடைசியில் ருசி பார்த்து மட்டும் உப்புப் போடுங்கள். சிவப்பு பீன்ஸ் இரவு முழுக்க ஊறட்டும், அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்க வேண்டும். அதில் ஒரு நச்சு இருக்கிறது, ஸ்லோ குக்கரின் சூட்டுக்கு அது அழியாது. வயிற்றுப்போக்கில் படுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து விளையாடாதீர்கள். அப்புறம் வெங்காயம், பூண்டு, பிரிஞ்சி இலை, தக்காளியை ஆலிவ் எண்ணெயில் நிதானமாக வதக்குங்கள். கோஸ் கடைசியில். ஒரு கரண்டி பீன்ஸை மசித்துவிட்டால் குழம்பு கெட்டியாகும், மைதா வேண்டவே வேண்டாம்.

மட்காவ் மருமகள்
அண்ணா, நாங்கள் கோவாவில் வினிகரும் மிளகாயும் ஏறிய எங்கள் ஊர் ஷோரிசுவில் செய்வோம். உங்கள் கணக்கு முழுக்க இங்கே ஒத்துவராது. அந்தச் சாசேஜ் சட்டியிலேயே பிரிந்து குழம்பு சிவக்க வேண்டும், தனியாக வேகவைத்தால் புளிப்பெல்லாம் வீணாகிவிடும்.

போர்ட்டோவாசி அண்ணா கேட்டதற்கு வருகிறேன். என் மாமியாரும் சமைத்த அன்று தொடவிட மாட்டார். அவர் நசுக்குவது வெந்ததா என்று பார்க்க இல்லை. உள்மாவை நாக்கில் வைத்துப் பார்ப்பார். வெறும் பீன்ஸ் ருசி வந்தால் சட்டியை மூடிவிடுவார். மாவில் கறியின் உப்பும் புளிப்பும் வந்தால்தான் எங்களுக்குத் தட்டு போடச் சொல்வார். உங்கள் பாட்டி நசுக்கியதை வாயில் வைத்தாரா? அதைச் சொல்லுங்கள்.

போர்ட்டோவாசி
வைத்தார். இப்போதுதான் நினைவு வருகிறது, வைத்தார்.