ஔவையார் விருதுக்கு எங்கள் டீச்சரைப் பரிந்துரைக்க வழி சொல்லுங்கள்

குமரி மாவட்டத் தூத்தூருக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர் எங்களுடையது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரை, சேவை செய்யும் பெண்களுக்குத் தமிழக அரசு தரும் ஔவையார் விருதுக்குப் பரிந்துரைக்க முயல்கிறோம். சான்று போதாது என்று விண்ணப்பம் நிற்கிறது.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்ததிலிருந்து டீச்சர் ஓயவில்லை. கரை திரும்பாதவர்களின் பெயர், படகு, கடைசியாகப் பேசிய நேரம் எல்லாவற்றையும் வீடு வீடாகக் கேட்டு நோட்டில் எழுதினார். உடல் கிடைக்காதவரை இறந்தவராகக் கருத, சட்டம் பொதுவாக 7 ஆண்டுகள் காத்திருக்கச் சொல்கிறது. அந்தக் கலக்கத்தில் தவித்த பெண்களுக்கு மனு எழுதிக் கொடுத்து, நாகர்கோவில் வரை பஸ்ஸில் கூடவே போனவர் அவர்தான். இன்றும் அந்தப் பிள்ளைகளின் படிப்புக்காக அலைகிறார். இதைவிடப் பெரிய சேவை எனக்குத் தெரியாது.

அவர் அமைப்பு எதையும் பதிவு செய்யவில்லை, பேட்டி கொடுத்ததும் இல்லை. பங்குத்தந்தையின் கடிதம், பெண்கள் கையெழுத்திட்ட மனு, நோட்டின் நகல் எல்லாம் கொண்டுபோனோம். செய்தித்தாள் நறுக்கு வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். ஊராட்சியில் கேட்ட கடிதம் இன்னும் வரவில்லை. விருது மார்ச் 8 மகளிர் தினத்துக்கு உரியது. விண்ணப்பக் காலம் முடியப்போகிறது.

தனிநபர் சேவைக்காக இவ்விருதுக்கு விண்ணப்பித்தவர்களே, செய்தி நறுக்குக்குப் பதிலாக எந்தச் சான்றை ஏற்றுக்கொண்டார்கள்?