புதுப்பிப்பு: ஜாயிண்ட் ஒர்க்கில் மேனேஜரே பேசிவிடும் பிரச்சினை தீர்ந்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. நான் மருந்துக் கம்பெனி ரெப். ஜாயிண்ட் ஒர்க்கில், அதாவது ஏரியா மேனேஜர் கூட வரும் நாளில், டாக்டரிடம் என்னைப் பேசவிடாமல் அவரே டீடெய்லிங்கை (மருந்தைப் பற்றி விளக்குவதை) முடித்துவிடுகிறார், என்ன செய்வது என்று கேட்டிருந்தேன்.

பலன் தந்தது, 'யார் எங்கே பேசுவது என்று கிளம்பும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்' என்ற யோசனைதான். காட்பாடியில் டீ குடிக்கும்போதே டாக்டர் லிஸ்ட்டைக் காட்டி, "சார், பழகின டாக்டர்களிடம் நான் பேசுகிறேன், புது டாக்டர்களிடம் நீங்கள் ஆரம்பியுங்கள்" என்றேன். சரி என்றார். குடியாத்தத்தில் ஒரு குழந்தைகள் டாக்டர் சிரப்பின் டோஸ் கேட்டார். மேனேஜர் வாயே திறக்கவில்லை. மருந்து விவரங்களைக் காட்டும் விஷுவல் எய்டைத் திருப்பி, குழந்தையின் எடைக்கணக்கில் நானே விளக்கினேன்.

எதிர்பாராத ஒன்று: வெளியே வந்ததும் மேனேஜர் பக்கத்து மெடிக்கலுக்குள் நுழைந்தார். டாக்டர் எங்கள் மருந்தை எழுதியும் சேல்ஸ் ஏறாத காரணம் அங்கேதான் தெரிந்தது. கடையில் ஸ்டாக்கே இல்லை! கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் ஸ்டாக்கிஸ்டுக்கு மேனேஜரே போன் போட்டார். அப்புறம் சரக்கு வந்துவிட்டது.