ஒரே வைஃபை பெட்டிக்குள் இரண்டு மூன்று ரேடியோ: உங்களுக்கு என்ன நடந்தது?

காட்பாடி_மேம்பாலம்:
எம்எல்ஓ என்றால் ஒரு கருவி ஒரே சமயத்தில் இரண்டு பேண்டில், பேண்டுக்கு ஒரு லிங்க் என்று, ரவுட்டரோடு இணைந்திருக்கும் வைஃபை 7 வசதி. நேராக விஷயத்துக்கு வருகிறேன். காந்தி நகர் வீட்டுக்கு வைஃபை 7 ரவுட்டர் வாங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது, 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டு பேண்டும் உண்டு, 6 கிடையாது. மறுநாள் காலை தம்பிக்கு ஆன்லைனில் இரண்டாவது ரவுண்டு இன்டர்வியூ. அவனுக்கு உதவட்டும் என்று முந்தின ராத்திரி எம்எல்ஓவை ஆன் செய்தேன். ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் அவன் லேப்டாப் பெயருக்கு நேரே இரண்டு லிங்கும் பச்சையாகத் தெரிந்தன, நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் பாதி இன்டர்வியூவில் கரண்ட் போனது. ரவுட்டர் இன்வெர்ட்டரில் ஓடுகிறது, அந்த அறை ஃபேன் இன்வெர்ட்டரில் இல்லை. வேலூர் மே மாதம் உங்களுக்கே தெரியும். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு காற்று வரும் மாடிப்படிக்குப் போனான். மூன்றாவது படியில் உட்கார்ந்தான், திரையில் இன்டர்வியூ எடுத்துக்கொண்டிருந்த அம்மாவின் முகம் கண் பாதி மூடிய நிலையில் அப்படியே நின்றுவிட்டது. இவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தபடியே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறான். அது அங்கே போய்ச் சேரவில்லை என்று எனக்குத் தெரிகிறது, அவனுக்குத் தெரியவில்லை. ஐந்து விநாடி இருக்கும். திரும்ப வந்தது, மறுபடி நின்றது. என் போனில் பார்த்தால் இரண்டு லிங்கும் பச்சைதான்.

சாயங்காலம் எம்எல்ஓவை அணைத்துவிட்டு அதே படியில் வெறும் 5-இல் வீடியோ பேசிப் பார்த்தேன். சிக்னல் குறைவுதான், ஒரு தடவைகூட நிற்கவில்லை.

ஆற்காடு_பழைய_வீடு:
எங்கள் வீட்டுச் சுவர் தாத்தா காலத்துச் செங்கல், ஜன்னல் திண்டில் ஆள் உட்காரலாம், அவ்வளவு கனம். ஒன்றோடொன்று வைஃபையிலேயே பேசிக்கொள்ளும் மெஷ் பெட்டி இரண்டு வாங்கி ஒன்றை முன்கட்டிலும் ஒன்றைப் பின்கட்டிலும் வைத்தேன். அப்பா பின்கட்டில் கட்டிலில்தான் இருப்பார், அண்ணன் துபாயிலிருந்து தினமும் கூப்பிடுவான். பின்கட்டுப் பெட்டிக்கு 5-இல் ஒரே ரேடியோ. அப்பாவின் போனோடும் அதில்தான் பேச வேண்டும், முன்கட்டுப் பெட்டியோடும் அதே சேனலில்தான் பேச வேண்டும். ஒரு பக்கம் பேசும்போது மறுபக்கம் காத்திருக்கிறது, வேகம் பாதியாகிவிடுகிறது. அப்பா போனைக் காதில் அழுத்தி வைத்துக்கொண்டு, வீடியோ கால் என்பதையே மறந்து, "சொல்லுப்பா, சொல்லுப்பா" என்று கேட்டுக்கொண்டிருந்தார். திரையில் அவர் காது மட்டும்தான் தெரிகிறது என்று அண்ணன் அப்புறம் சொன்னான். மறுநாளே மொட்டை மாடி வழியாகக் கேபிள் இழுத்துவிட்டேன்.

சத்துவாச்சாரி_நெட்வொர்க்:
காட்பாடி நண்பரே, நீங்கள் எம்எல்ஓ மேல் பழி போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டு லிங்க் பச்சை என்றால் இரண்டிலும் ஒரே நேரத்தில் தகவல் ஓடுகிறது என்று அர்த்தமில்லை. பல லேப்டாப்புகள் இஎம்எல்எஸ்ஆர் வகை: இரண்டு பேண்டிலும் காது கொடுத்துக் காத்திருக்கும், பரிமாற்றம் என்று வந்தால் ஒன்றில்தான் நடக்கும். ஒரே சமயத்தில் ஒரு பேண்டில் அனுப்பி இன்னொன்றில் வாங்க முடிவது எஸ்டிஆர் வகை. அதற்கு இரண்டு ரேடியோவும் ஒன்றின் இரைச்சல் இன்னொன்றில் ஏறாதபடி அதிர்வெண்ணில் தள்ளி இருக்க வேண்டும், உள்ளே ஃபில்டரும் நன்றாக இருக்க வேண்டும். அப்புறம் முக்கியமானது, இரண்டு லிங்கிலும் போகும் பாக்கெட்டுகளுக்கு, அதாவது தகவல் துண்டுகளுக்கு, ஒரே தொடர் வரிசை எண். 2.4 பக்கம் போன ஒரு பாக்கெட் நெரிசலில் மாட்டிக்கொண்டால், 5 வழியாக முன்னாலேயே வந்து சேர்ந்தவை அதற்காக வரிசையில் காத்து நிற்கும். படியில் நடந்தது அதுவாக இருக்கலாம்.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். விண்டோஸ் 11-இல் 24எச்2 பதிப்பு வந்த பிறகுதான் வைஃபை 7 ஆதரவு, முதலில் அதைப் பாருங்கள். ரவுட்டரின் உள் மென்பொருளான ஃபர்ம்வேர், லேப்டாப்பின் வைஃபை டிரைவர் இரண்டையும் ஒரே நாளில் புதுப்பிக்காதீர்கள், கோளாறு எதில் என்று பிரிக்க முடியாது. 2.4-ஐ 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், 1, 6, 11 சேனல்களில் எது காலியோ அதில் வையுங்கள். ரவுட்டரின் யூஎஸ்பி 3 போர்ட்டில் ஹார்ட் டிஸ்க் செருகியிருந்தால் கழற்றுங்கள், அதன் இரைச்சல் 2.4-இல்தான் வந்து விழும். தம்பி புளூடூத் ஹெட்செட் போட்டிருந்தாரா? அதுவும் 2.4-தான், பல லேப்டாப்பில் வைஃபைக்கும் புளூடூத்துக்கும் சிப்பும் ஆன்டெனாவும் பொது, மாறி மாறித்தான் பேசும். எனக்கே தங்கை நிச்சயதார்த்தத்தன்று, மாமா போனில் தேதி சொல்லும் நேரத்தில் அப்படி அறுந்தது. அன்றிலிருந்து ஒயர் ஹெட்போன்தான்.

லாட்ஜ்_வேலை:
நான் லாட்ஜ்களுக்கு ஆக்சஸ் பாயிண்ட், அதாவது வைஃபை பெட்டி, மாட்டுகிறவன். ஆஸ்பத்திரியைச் சுற்றியிருக்கும் லாட்ஜ்களில் பாதிப் பேர் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வைத்தியத்துக்கு வந்தவர்கள், ராத்திரி எட்டு மணிக்கு எல்லா அறையிலும் ஊருக்கு வீடியோ கால். ஒரு மாடியில் 5-ஐ ஆட்டோ சேனலில் விட்டிருந்தேன், அது ரேடாருக்கும் பொதுவான 100-ஆம் சேனலில் போய் உட்கார்ந்திருக்கிறது. ரேடார் சிக்னல் மாதிரி ஏதோ பட்டது என்று பெட்டி அந்தச் சேனலை விட்டு வெளியேறியது. 30 நிமிடம் அங்கே திரும்பக் கூடாது, அடுத்து எடுத்ததும் அதே வகைச் சேனல், அதில் பேசும் முன் 60 விநாடி காது கொடுக்க வேண்டும். அதற்குள் மாடி முழுக்க 2.4-க்கு இறங்கிவிட்டது. அப்போது ஒரு பெரியவர் படிக்கட்டில் நின்று, போனை இரண்டு கையாலும் தலைக்கு மேல், நான் மாட்டிய பெட்டிக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். "ஹலோ, ஹலோ" என்பது மட்டும்தான் எனக்குப் புரிந்தது. கீழே ஏணியோடு நான். ஒரு நிமிடம் பொறுங்கள் என்று சொல்ல எனக்கு வங்காளம் தெரியாது. 5 திரும்ப வந்த பிறகும் பாதி போன்கள் 2.4-ஐ விட்டு ஏறவில்லை, எதில் ஒட்டுவது என்று கடைசியில் முடிவு செய்வது போன்தானே. இப்போது எங்கே மாட்டினாலும் ரேடார் தொல்லை இல்லாத 36-ஆம் சேனல், 40 மெகாஹெர்ட்ஸ் அகலம் என்று கையால் போட்டுவிட்டுத்தான் இறங்குகிறேன்.

ஆற்காடு_பழைய_வீடு:
சத்துவாச்சாரி அண்ணா, ஃபர்ம்வேர் விஷயம் சரி. ஆனால் நடந்து போகும் ஆளுக்குத்தானே இந்த இரண்டு லிங்க் ஏற்பாடு, தம்பி நடந்தபோது அது கைவிட்டது என்றால் காட்பாடி நண்பரின் கோபம் நியாயம்தான்.

காட்பாடி_மேம்பாலம்:
24எச்2 ஏற்கனவே இருக்கிறது, ஹெட்செட் ஒயர்தான், யூஎஸ்பியில் ஒன்றும் இல்லை. வரிசை எண் விஷயம்தான் பொருந்துகிற மாதிரி இருக்கிறது, பக்கத்து வீட்டு 2.4 சிக்னல் அந்தப் படியில்தான் அதிகம். கரண்ட் போனதால்தான் அறுந்தது என்று தம்பி நினைத்துக்கொண்டிருக்கிறான். முந்தின ராத்திரி நான் ஆன் செய்ததை அவனிடம் இன்னும் சொல்லவில்லை.